ஒன்பதுக்கு எதிரே மூன்று

ஜனவரி 16, திங்கள்

வந்து எட்டு நாள் ஆகிறது. இன்றுதான் முதல் வகுப்பு. தூத்துக்குடியில் பதினான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவளுக்கு விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் பெரிய விஷயமா என்ற நினைப்பில்தான் கிளம்பினேன். தான்சானியா எங்கே இருக்கிறது என்று ப்ரிசில்லா அக்கா அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியையே கட்டி முடித்துவிட்டேன்.

பிள்ளைகளை அறிவியல் பக்கம் இழுத்து, ஊருக்குத் தேவையான கருவிகளை அவர்களையே செய்யவைப்பது என் வேலை. வெயில், காற்று, தூக்கிப்போட்ட சாமான்கள், இவற்றைக் கொண்டே செய்ய வேண்டும். செய்தது மறுபடி குப்பையாகவும் கூடாது. எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். இருக்கச் சொல்வார்களா, போகச் சொல்வார்களா என்பது ஏப்ரல் முதல் வாரத்தில் தெரியும். போகச் சொன்னால் போக இடமில்லை. பழைய பள்ளியில் நான் பேசிவிட்டு வந்த பேச்சு அப்படி.

காலைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். யார் சொன்னாலும் அப்படியே நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள், கேள்வி கேட்கிறவர்தான் எதையாவது கண்டுபிடிப்பார் என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். தலைமையாசிரியர் மசாஞ்சா அதை ஸ்வாஹிலியில் சொன்னார். நல்ல கைதட்டல்.

மத்தியானம் மசாஞ்சா இந்த ஊர் மணிக்கணக்கைச் சொல்லித்தந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் பேசும்போது நம் கணக்குதான். ஸ்வாஹிலியில் பேசும்போது பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒன்று. நமக்குப் பகல் பன்னிரண்டு என்றால் இவர்களுக்கு ஆறு. கடிகாரத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் எண்ணைப் படித்தால் போதும். விடிந்து எத்தனை நாழிகை என்று நம்மவர்கள் கேட்டதும் இந்தக் கணக்குதானே. புதிதாக வருகிறவர்கள் இதில் கட்டாயம் ஒரு தடவை சறுக்குவார்கள் என்று சிரித்தார். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்றேன்.

ஜனவரி 25, புதன்

அறிவியல் மன்றம் ஆரம்பித்தாயிற்று. இருபத்திரண்டு பிள்ளைகள். ஊரில் உங்களை உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் விமானம் செய்யப் போகிறார்களாம். விமானம் இல்லாதது இவர்களை எப்படி உறுத்துகிறதோ தெரியவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். நான்காம் படிவம், அதாவது நம் பதினோராம் வகுப்பு மாதிரி. பெயர் கபுலா. மழைக்காலத்தில் பிறந்தவள் என்று அர்த்தமாம். "என் பெயரே எங்கள் வீட்டுக்கு ஆகாது, ம்வாலிமு" என்றாள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். அவள் அம்மா ஏரியில் பிடிக்கும் டகா மீனை மணலில் பரப்பிக் காயவைத்து விற்கிறாள். மழை வந்தால் ஒரு நாள் மீன் முழுவதும் அழுகிப்போகும். மழையிலும் மீன் காயும்படி ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்றாள்.

டகாவைப் பார்த்தேன். சாட்சாத் நெத்திலி. கருவாட்டு வாசனையில் பிறந்து வளர்ந்தவளிடமா வந்து கேட்கிறாய் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாவு இந்த ஊர்க் குளிருக்குப் பொங்கவே மாட்டேன் என்கிறது. இன்றும் தோசைக்குப் பதில் கஞ்சி.

பிப்ரவரி 8, புதன்

ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று ஒரு மாதமாகப் புத்தகம் வைத்துப் படித்து, இன்று முதல்தடவையாக வகுப்பை ஸ்வாஹிலியில் தொடங்கினேன். புத்தகத்தைத் திறங்கள் என்றேன். நாற்பது பேரும் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்கள். மறுபடி சொன்னேன். மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். என்ன திமிர் என்று குரலை உயர்த்தினேன்.

கபுலா எழுந்தாள். "ஃபுங்கா என்றால் மூடு, ம்வாலிமு. திற என்பதற்கு ஃபுங்குவா என்று சொல்ல வேண்டும்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் அவளை வெளியே சுவரோரம் நிற்கவைத்தேன். மணி அடித்ததும் போய், ஆசிரியரைத் திருத்துவது உன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். "சரி, ம்வாலிமு" என்றாள்.

நாற்பது பேர் முன்னால் மூக்கு உடைபட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

பிப்ரவரி 21, செவ்வாய்

பெட்டிக்கு உருவம் வந்துவிட்டது. பழைய ஜன்னல் கண்ணாடி மேலே, தகரம் கீழே. தகரத்துக்கு மரவள்ளிப் பசையில் அடுப்புக் கரியைக் குழைத்துப் பூசியிருக்கிறாள் கபுலா. வெயில் இல்லாத நாளில் ஈரக்காற்றை வெளியேற்ற, பழைய கணினியிலிருந்து ஒரு விசிறியைக் கழற்றிக் கொடுத்து, பேட்டரியோடு பொருத்தச் சொன்னேன். "சரி, ம்வாலிமு" என்றாள்.

பிப்ரவரி 23, வியாழன்

விசிறி இல்லை. அதற்குப் பதில் உயரமாக ஒரு தகரப் புகைபோக்கி நிற்கிறது. சூடான காற்று தானே மேலே ஏறி ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. பேட்டரியே தேவைப்படவில்லை. பேட்டரி செத்தால் ஏரிக்கரையில்தான் எறிவார்கள் என்று மற்ற பிள்ளைகளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னிடம் விசிறி தொலைந்துவிட்டது என்றாள். அது அவள் பைக்குள்ளேயே இருந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும்.

நானும் புகைபோக்கிதான் நினைத்திருந்தேன் என்று மசாஞ்சாவிடம் சொன்னேன்.

மார்ச் 10, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நான் விண்ணப்பித்திருந்த மாவட்ட அறிவியல் போட்டியில் கபுலாவின் பெட்டி எட்டில் ஒன்றாகத் தேர்வாகியிருக்கிறது. வருகிற புதன், மார்ச் 15, காலை 9 மணி, மாவட்ட மண்டபம். நடுவர்கள் மூன்று பேர் நேரில் பார்ப்பார்கள். முதலிடம் வாங்குகிறவருக்கு தார் எஸ் சலாமில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம், விடுதி எல்லாம் உண்டு. இந்த இடம் கிடைத்தால்தான் அவள் அம்மா மேலே படிக்க விடுவாளாம். இல்லையென்றால் கபுலாவும் மீன் காயவைக்க வந்துவிட வேண்டும். அவளுக்குக் கீழே நான்கு பேர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினால் என்னை யார் போகச் சொல்வார்கள்?

கபுலா இந்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. நிலா தேயத் தொடங்கிவிட்டது, விளக்கு வைத்து மீன் பிடிக்கும் நாட்கள். கரையில் கைக்கு ஓய்வில்லை.

மார்ச் 13, திங்கள்

மசாஞ்சா ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன், அதுவும் அவர்கள் மொழியிலேயே சொல்கிறேன் என்று கிளம்பினேன். ஃபுங்கா ஃபுங்குவாவுக்குப் பிறகு எனக்கும் ஒரு ரோஷம் இருந்தது.

கரை முழுக்க வெள்ளிச் சருகு மாதிரி மீன். கபுலா அடுத்த துறைக்குக் கூடை எடுக்கப் போயிருந்தாள். அவள் அம்மாதான் இருந்தாள். இங்கே ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரோடு சேர்த்து மாமா கபுலா என்று கூப்பிட வேண்டும். அம்மாவை மாமா என்கிற ஊர். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை, ஸா டிஸா, மாவட்ட மண்டபம். டிஸா என்றால் ஒன்பது. வாயாலும் படித்துக் காட்டினேன். "ஸா டிஸா? ம்ச்சானா?" என்று கேட்டாள். ம்ச்சானா என்றால் பகல் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பின்னே இரவிலா போட்டி நடத்துவார்கள்? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நாளைக்குப் பள்ளிக்கு வர வேண்டாம், புதன் நேரே மண்டபத்துக்கு வந்தால் போதும் என்றும் சொன்னேன். எல்லாம் ஸ்வாஹிலியிலேயே. ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாமல் போகவில்லை. வரும் வழியெல்லாம் எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

மார்ச் 15, புதன்

வரவில்லை.

எட்டரையிலிருந்து மண்டப வாசலில் நின்றேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அவளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நடுவர்களிடம் கெஞ்சினேன். அதில் ஒரு பெண் பொறியாளர். பெட்டியின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பேட்டரியே வைக்காமல் யோசித்திருக்கிறாளே என்று இரண்டு தடவை சொன்னார். பன்னிரண்டரைக்கு அவர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். இந்த வீடுகளில் மீனுக்குக் கொடுக்கிற மதிப்பைப் படிப்புக்குக் கொடுப்பதில்லை என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றியது.

மூன்று மணிக்குக் கால் மணிநேரம் இருக்கும்போது வந்தாள். சீருடை தேய்த்துப் போட்டு, தலையை வாரி, பெட்டியை அவளும் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிக்கொண்டு. ஆறு கிலோமீட்டர். மண்டபத்தில் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மசாஞ்சா முன்னாலேயே திட்டித் தீர்த்தேன். பொறுப்பில்லாதவள் என்றேன். இவளுக்காக நான் பட்ட பாடெல்லாம் வீண் என்றேன். அவள் அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கபுலா அம்மாவின் கையைப் பிடித்து அடக்கினாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். அதை மடித்து, மறுபடி மடித்து, தபால்தலை அளவுக்கு ஆக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "போலே, ம்வாலிமு" என்றாள். போலே என்றால் மன்னிக்கவும். மன்னிப்புக் கேட்டால் போன இடம் திரும்பி வருமா?

மார்ச் 17, வெள்ளி

ஆசிரியர் அறையில் மசாஞ்சா ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார். ஸ்வாஹிலியில். இன்று ஆசிரியர் கூட்டம், ஸா டிஸா. காலையில் பார்த்தேன். ஒன்பது மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. ஒன்பதுக்கு எதிரே மூன்று.

மூன்று மணிக்குக் கூட்டம் நன்றாக நடந்தது. கழிப்பறைக் கதவு பற்றிப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து பருப்பு வேகவைத்தேன். வேகவில்லை.

மார்ச் 18, சனி

திரைச்சீலை எல்லாம் துவைத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஜன்னல் துடைத்தேன். திரைச்சீலையை மறுபடி துவைத்தேன்.

மார்ச் 22, புதன்

மசாஞ்சா கூப்பிட்டார். அந்தப் பெண் பொறியாளர் கேட்டிருக்கிறார். கபுலா வராததற்கு அவள் பொறுப்பல்ல என்றால், பள்ளி அதை மார்ச் 31க்குள் எழுதித் தந்தால், திரும்பிப் போகும் வழியில் அவளை மட்டும் தனியாகப் பார்ப்பார்களாம். தகவல் சொன்னது நீங்கள்தானே, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். சரி என்றேன்.

முதலில் இப்படி எழுதினேன்: தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு குழப்பத்தால். கிழித்தேன். அடுத்து: நேரம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால். யாரால் என்று கேட்பார்களே. கிழித்தேன். மூன்றாவதாக உள்ளதை உள்ளபடி எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. நான் தவறான நேரத்தை எழுதிக் கொடுத்தேன், அவள் அந்த நேரத்துக்குக் கால் மணிநேரம் முன்பே வந்தாள். அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது.

கபுலா வகுப்பில் இருக்கிறாள். கடைசி பெஞ்ச். கை தூக்குவதில்லை.

மார்ச் 26, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். "என்னட்டி, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒரு பிள்ளை நேரம் தெரியாமல் போட்டியைக் கோட்டை விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"நேரத்த யாரு சொன்னது?" என்றாள்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இங்கதான் கரும்பலகையில நீ போட்டது தப்புன்னு சொன்ன பயல டீசி கொடுக்குற வரைக்கும் விட்டியா? அங்கயும் போயி அதேதானா? அந்தப் புள்ளையையாவது விட்ருட்டி, செசிலி" என்றாள்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 31, வெள்ளி

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கடிதம் கொடுக்க முடியவில்லை. கையால் எழுதிய கடிதத்துக்கு மின்சாரம் எதற்கு என்பது எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. இங்கே பனை ஓலையைப் பின்னாமல் அப்படியே நீளமாகப் பிடித்துக்கொண்டு ஆடிப்பாடிப் போகிறார்கள். நானும் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். பெருமை, கோபம், பூசைக்குத் தாமதமாக வந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்றைத் தவிர. தாமதமாக வந்தது என்பதை அவசரமாகச் சொல்லி முடித்தேன். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார் சாமியார்.

ஏப்ரல் 6, வியாழன்

என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம். மசாஞ்சா கடிதத்தைக் கையில் கொடுத்துக் கை குலுக்கினார். அந்தக் கையை விடாமல் அவரிடம் சொன்னேன். ஸா டிஸா என்று எழுதினேன், கபுலாவின் அம்மா கேட்டபோது ஆமாம் என்றேன், கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன், இப்போதே அனுப்பிவிடலாம். வேலை உறுதியான பிறகு சொல்கிறேன் என்பது அவருக்கும் உறைத்திருக்கும். எனக்கு உறைத்தது.

அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். நான் எழுதித் தராததால் கெடு நாளன்று அவரே கபுலாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அன்று உடம்பு சரியில்லை, அதனால் நேரமாகிவிட்டது என்று சொன்னாளாம். அதையே எழுதி அனுப்பிவிட்டாராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்து வந்த அம்மாவை அவரும்தான் கண்ணால் பார்த்தார். ஆனால் அதற்கு மேல் பிள்ளையைத் துருவ அவருக்கு மனம் வரவில்லை. இடம் வேறு ஊர்ப் பையனுக்குப் போய்விட்டது. நேற்று விடுமுறைக்குப் பள்ளியை மூடும்போது கபுலா பெயரை எடுத்துவிடச் சொல்லி அம்மா வந்து போயிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் என்னிடம் மன்னிப்பாவது கேட்டாளே, என்னால் அதைக்கூட அவளிடம் கேட்க முடியவில்லை என்றேன். என்ன சொல்லிக் கேட்டாள் என்றார். போலே என்றாள் என்றேன்.

"அது மன்னிப்பு இல்லை" என்றார். "மன்னிப்புக் கேட்க வேறு சொல் இருக்கிறது. போலே என்பது, பாவம், உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சொல்வது. கீழே விழுந்தவரிடம் சொல்வோம். துக்க வீட்டில் சொல்வோம்."

ஏப்ரல் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு அடிக்கிறது. கரைக்குப் போனேன். கூட யாரையும் கூட்டிப் போகவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் கபுலாவுக்கு மட்டும்தான் புரியும். அவள் அம்மாவுக்கும், பெட்டியைச் சுமந்த அந்த இரண்டு பெண்களுக்கும் புரிய வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்வாஹிலியில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

மணலில் கிடந்த மீனை எல்லாரும் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வெளுத்து நாறிவிட்டது. கபுலாவின் பெட்டி ஒரு மரத்தடியில் செங்கல் மேல் நின்றது. அதற்குள் இருந்தது மட்டும் மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஒரு கூடை அளவுதான் கொள்ளும். இன்னொரு பெட்டிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை என்று கபுலா சொன்னாள்.

நின்றுகொண்டே சொன்னேன். நேரத்தைத் தப்பாக எழுதியது நான், தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதது நான், உன் வழியை மூடியது நான். மனப்பாடம் செய்தது பாதியில் மறந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா கபுலா மீனை வாருவதை நிறுத்தவில்லை.

உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கபுலாவிடம் கேட்டேன். வந்தது என்றாள். போட்டி எல்லாம் காலையில்தானே நடக்கும், ம்வாலிமு மாற்றி எழுதியிருப்பாரோ என்று தோன்றி, போட்டிக்கு முந்தின நாள் என்னைக் கேட்கப் பாதி வழி வரைக்கும் வந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் திரும்பிப் போனாய்?"

"ஆசிரியரைத் திருத்துவது என் வேலை இல்லை என்று சொன்னீர்களே, ம்வாலிமு" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. வகுப்பில் பதில் சொல்கிற குரல்.

அழுதுவிட்டேன். மழையில் அது தெரிந்திருக்காது. உன் வழியை நான்தான் மூடிவிட்டேன் என்று மறுபடியும் ஒரு தடவை, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கபுலா தலையைக் குனிந்து, "அஸாந்தே, ம்வாலிமு" என்றாள். நன்றி என்று அர்த்தம். எதற்கு நன்றி என்று புரியவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றிவிட்டு, சொன்னது சரிதானா என்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஃபுங்கா மூடு, ஃபுங்குவா திற. நான் இரண்டு தடவையும் ஃபுங்குவா என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் வழியை நான்தான் திறந்துவிட்டேன் என்று, அத்தனை பேர் முன்னால், அழுத்தமாக.

அவள் நன்றி சொன்னாள். திருத்தவில்லை.